பண்டமாரானில் ஒரு வார்டுக் கூட்டம்

கவுன்சிலர் ஆனதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது. மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸிலும் அப்படித்தான். சுற்றுலா வந்தவர்கள் தெருவுக்குக் குறுக்கே நிற்கும் வண்ண வளைவுகளை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு சாக்கடை மூடிகளைப் பார்த்தபடி நடந்தேன். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

வடசென்னையில் ஒரு வார்டுக்கு நான் கவுன்சிலர். அதற்கு முன்னால் ரேஷன் கடைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியதும் கட்சி அவசரமாகப் பெண் தேடியது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த முகம் என் முகம்தான். அப்படித்தான் மாமன்றத்துக்குப் போனேன். மலேசியாவுக்கு வந்தது மாநகராட்சி வேலையாக அல்ல. என் தங்கை கலா கிள்ளான் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கூட இருந்து கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அவ்வளவுதான் என் பயணத்தின் நோக்கம்.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டேன். மொறுமொறுவென்று பொரித்த பாகற்காயைக் கேட்கக் கேட்க வைக்கிறார்கள். நம் ஊரில் பாகற்காயை இத்தனை பிரியமாக யாரும் பரிமாறி நான் பார்த்ததில்லை. பரிமாறிய பெண் என்னைப் பார்த்ததும், "இந்தியாவா ஆன்டி? மீன் கறி ஊத்தவா? நல்லா இருக்கும் லா" என்றாள். ஊற்றச் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

அங்கிருந்து கிள்ளானுக்கு ரயில். பிளாட்பாரத்தில் ஒரு இளஞ்சிவப்புப் பெட்டி வந்து நின்றது. அதன் மேல் 'கோச் வனிதா' என்று ஆங்கில எழுத்தில் போட்டிருந்தது. பெண்கள் பெட்டி. மலாய்க்காரர்களும் பெண்ணை வனிதா என்றுதான் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். வண்டி எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வெகுநேரம் ஆகியும் கிள்ளான் வரவில்லை. பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண்ணிடம் "கிள்ளான்?" என்றேன். அவர் என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அக்கா, இந்த ரயில் சிரம்பான் போகிறது. கிள்ளான் அந்தப் பக்கம்" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சொல்லிக் கையைப் பின்னால் காட்டினார். அடுத்த நிலையத்தில் அவரும் என்னோடு இறங்கினார். எதிர்ப் பிளாட்பாரம் வரை கூட வந்து, மாற வேண்டிய இடத்தைச் சொல்லிக்கொடுத்து, பிறகு தன் ரயிலுக்காகக் காத்திருக்கப் போனார். என்னால் அவருக்கு ஒரு ரயில் போயிற்று. பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டேன்.

கிள்ளான் நிலையத்தில் கலாவின் வீட்டுக்காரர் சுப்ரா சோர்ந்துபோய் நின்றிருந்தார். அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், துறைமுகக் கிடங்கில் சூப்பர்வைசர். "எங்கக்கா போயிட்டீங்க? காடிய ஓரமா போட்டுட்டு எவ்ளோ நேரமா நிக்கிறேன்" என்றார். அங்கே காருக்குக் காடி என்று பெயர். ரயில் கதையைச் சொன்னதும் சோர்வு போய்ச் சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கலா கண் விழித்ததும், "நீ சாப்டியாக்கா?" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எழுந்து சாப்பிடப் போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாலும் என் போன் மட்டும் வார்டிலேயே இருந்தது. தண்ணீர் லாரி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி எங்கள் சந்துக்குள் நுழைவதில்லை. நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்றால், "அப்டியாக்கா, சரி, அந்த லைட்டு மட்டும் சொல்லிடு" என்பார்கள். சுப்ரா இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க போன் நம்பர் எல்லாருக்கும் தெரியுமாக்கா?"

"ஏன் மாப்பிள்ள, இங்க கவுன்சிலர் நம்பர் உங்களுக்குத் தெரியாதா?"

"நம்பரா? கவுன்சிலர் யாருன்னே தெரியாது. இங்க கவுன்சிலருக்கு எலெக்‌ஷன் கிடையாதுக்கா. ஸ்டேட் கவர்மென்ட் ஆளப் பாத்துப் போடும். நாம ஓட்டுப் போடறது எம்பிக்கும் அசெம்பிளிக்கும்தான்."

என்னால் நம்ப முடியவில்லை. காலையில் பல் விளக்கும்போது கதவைத் தட்ட ஒருவரும் வராத கவுன்சிலரை நினைத்துப் பார்த்தேன். பொழுது நிம்மதியாகப் போகும். ஆனால் யாரைப் பார்த்தும் பயப்பட வேண்டியதில்லை என்றால் நான் இத்தனை வேலை செய்திருப்பேனா என்றும் தோன்றியது.

அந்த நேரத்தில் எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வார்டின் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. கரையை ஒட்டி வரிசையாக வீடுகள். பின்னால் தாழ்வான தெருக்கள். பெருமழை பெய்தால் கால்வாயில் இடமில்லாமல் தண்ணீர் பின்தெருக்களுக்குள் ஏறும். கால்வாயை அகலப்படுத்த ஒரு திட்டம் வந்திருந்தது. அகலப்படுத்தினால் கரை வீடுகள் போகும். அந்தக் குடும்பங்களுக்கு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், அடுக்குமாடி வீடு. நான் ஊர் திரும்பியதும் வரும் மாமன்றக் கூட்டத்தில் தீர்மானம். வார்டு கவுன்சிலர் என்ற முறையில் நான் எழுந்து ஆதரித்துப் பேச வேண்டும். கரையில் இருப்பவர்களும் எனக்கு ஓட்டுப் போட்டவர்கள். பின்தெருக்காரர்களும் எனக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

கலா வீடு திரும்பியதும் அவளுக்குப் பூண்டும் மஞ்சளும் நல்லெண்ணெயும் வாங்கக் கிள்ளான் கடைத்தெருவுக்குப் போனேன். வெயில் தாங்கவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் கேட்டேன். இரண்டு குவளைகளுக்கு நடுவே இழுத்து இழுத்து நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கும் டீதான் அது. டீயைக் கொண்டுவந்தவன் அதை மேசையில் வைக்காமல் அப்படியே நின்றான்.

"அக்கா, நீ ஜெராக்ஸ் கடை அக்காதான? நம்ம கவுன்சிலரு?"

அந்தப் பேச்சைக் கேட்டதுமே எங்கள் வார்டுதான் என்று தெரிந்துவிட்டது. பெயர் தேவராஜ். முப்பது வயதிருக்கும். கால்வாய்க் கரையில் மீன் விற்கும் பூங்காவனத்தின் மகன். வேலை பெர்மிட்டில் வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். அவன் பாஸ்போர்ட்டுக்கான பேப்பர்களை நான்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேனாம். எனக்கு நினைவில்லை. டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றான். உள்ளே ஓடிப்போய் ஒரு ரொட்டி சானாயும் சாம்பாரும் கொண்டுவந்தான். நம் ஊரில் பரோட்டா என்று சொல்வதன் மெலிந்த தங்கச்சி அது. ஓரம் மொறுமொறு, நடுவில் துணி மாதிரி மென்மை.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நின்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, எங்க வூட்ட இடிக்கப் போறாங்களாமே? அம்மா போன்ல அழுவுது. நெசமா?" என்றான்.

"ஊருக்குப் போய் பாக்கறேன்பா" என்றேன். வார்டில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். அதைக் கேட்டதும் அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் விடவில்லை. "ஞாயித்துக்கெழம எனக்கு லீவுக்கா. எங்க ரூமு பண்டமாரான்லதான். சாப்பிட வா. ரூம்ல கூட ஒருத்தன் கீறான், அவனும் நம்ம வார்டுதான்" என்றான்.

தங்கை வீடும் பண்டமாரானில்தான். மறுக்க வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கலா படுக்கையிலிருந்து, "எனக்கு ஆபரேஷன்னு வந்த. உடம்பு இங்க இருக்கு, மனசு அந்தக் கால்வாய்ப் பக்கமே உக்காந்திருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் குத்தியது. அவளுக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, அப்புறம்தான் போனேன்.

கடைகளுக்கு மேலே முதல் மாடியில் அறை. படிக்கட்டில் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் இரைச்சல் ஏறி வந்தது. அறைக்குள் நான்கு கட்டில்கள், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு ரைஸ் குக்கர். தேவராஜ் கோழிக் குழம்பு கொதிக்க விட்டிருந்தான். இன்னொருவன் தரையில் செய்தித்தாள் விரித்துக்கொண்டிருந்தான். ஒல்லி, கண்ணாடி போட்டவன். "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். பெயர் ஜமால். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை.

"கோழி இவன் வாங்கினதுதான்க்கா. இவன் வாங்கினாத்தான் ஹலால். எனக்கு எதுன்னாலும் ஓகே" என்று தேவராஜ் சிரித்தான். கறிவேப்பிலை தாளித்த வாசனையில் எங்கள் ஊர் மத்தியானமே வந்து உட்கார்ந்தது போலிருந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். தேவராஜ் ஆரம்பித்தான். "அக்கா, மழுப்பாம சொல்லு. கால்வாய அகலமாக்கினா எங்க வூடு போவுமா?"

இந்த முறை என்னால் ஊருக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. அவன் சமைத்த சோறு கையில் இருந்தது. "போகும்" என்றேன்.

"நீ ஒத்துக்காத. நீ எந்திரிச்சு வேணாம்னு சொன்னா நின்னுடும்ல?"

நான் ஜமாலைப் பார்த்தேன். அவன் தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தான். "உன் வீடு எந்தத் தெருப்பா?" என்று கேட்டேன்.

"பள்ளிவாசலுக்குப் பின்னாடி, கடைசித் தெருக்கா."

வார்டிலேயே தாழ்வான தெரு.

"தண்ணி வந்துச்சா?" என்றேன்.

அவன் தேவராஜைப் பார்க்காமல் பேசினான். "எல்லா வருஷமும் வரும்க்கா. அத்தாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராது. போன மழைக்கு அம்மாவும் தங்கச்சியும் கட்டிலுக்குக் கீழ செங்கல் வச்சு வச்சு ஏத்தினாங்க. செங்கல் தீந்துபோச்சு. வீடியோ கால்ல பாத்துக்கிட்டே இருந்தேன். தண்ணி மெத்தையத் தொடுது. அம்மா 'ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா'ன்னு சொல்றாங்க. அப்ப போன் கட்டாயிடுச்சு. மறுநாள்தான் லைன் கெடச்சுச்சு."

தேவராஜ் கையை உதறிவிட்டு அவனைப் பார்த்தான். "டேய், அன்னிக்கு வவுத்து வலின்னு படுத்துனு இருந்தியே, அதுவா?"

ஜமால் தலையாட்டினான்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ தினமும் உன் வூட்டப் பத்திப் பேசற. உன் வூடு போனாத்தான் என் வூட்டுக்குத் தண்ணி வராதுன்னு உங்கிட்ட எப்படிடா சொல்றது?"

கீழே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. தேவராஜ் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது. தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்த இரண்டு பேர். நான் வந்து உட்கார்ந்ததால் அவர்களுக்கு நடுவே கால்வாய் வந்துவிட்டது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவன் திரும்பி வந்து கதவருகே நின்றான். கண் சிவந்திருந்தது. ஜமாலைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினான்.

"அகலமாக்குங்கக்கா. நான் வேணாம்னு சொல்லல. ஆனா எங்கம்மா விடிகாலையில ஏலத்துல மீன் எடுத்தாத்தான் அன்னிக்கு அடுப்பு எரியும். அத ஊருக்கு வெளிய கொண்டுபோய் எட்டாவது மாடியில வச்சா அது இன்னா பண்ணும்? ரெண்டு பஸ் மாறிக் கூடையத் தூக்கினு வருமா? அத மட்டும் சொல்லு."

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. பல மாதங்களாக இருந்தது. கால்வாயிலிருந்து நடக்கிற தூரத்தில் மாநகராட்சியின் பழைய லாரி ஷெட் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அந்த இடத்தில் குடியிருப்பு கட்டலாம். ஆனால் அங்கே வணிக வளாகம் வர வேண்டும் என்று கட்சியில் பெரியவர்களுக்கு ஆசை. அதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம் என்று எனக்கு நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொந்த ஊரில் யாரிடமும் சொல்லாததை, கடல் தாண்டி வந்து, எச்சில் கையோடு உட்கார்ந்து சொன்னேன்.

"நீ கேட்டா இன்னா ஆவும்?" என்றான் தேவராஜ்.

"அடுத்த தடவை எனக்கு சீட் கிடைக்காது."

"கெடைக்கலன்னா?"

"மறுபடி ஜெராக்ஸ் கடைதான்."

முதலில் சிரித்தது ஜமால்தான். அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். தேவராஜ் சிரிக்கவில்லை. ஆனால் வந்து உட்கார்ந்து, ஜமாலின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினான். "துன்னுடா, ஆறிப்போச்சு" என்றான்.

அன்று சாயங்காலம் பெரிய மழை. கிள்ளானில் மழை சொல்லாமல் வரும், நின்று பெய்யும். கலாவின் வீட்டு வாசலில் ஆள் இறங்கும் ஆழத்துக்கு ஒரு வடிகால். லோங்காங் என்கிறார்கள். தண்ணீர் அதில் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. நான் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்புக்கு அரை முழம் கீழே நின்றுவிட்டது. "இங்கயும் சில வருஷம் மேல ஏறிடும்க்கா, எல்லா ஊர்லயும் அப்டித்தான்" என்றார் சுப்ரா. எனக்கு அது ஆறுதலாக இல்லை. உள்ளே வந்து கலாவின் தலையைச் சீவிப் பின்னல் போட்டுவிட்டேன். மிச்ச நாட்கள் முழுக்க அவளோடுதான் இருந்தேன். வார்டுக்காரர்களின் போனை சுப்ரா எடுத்து, "அக்கா பிஸி பாஸ், அப்புறம் கூப்பிடுங்க" என்று அவர் தமிழில் சொல்லிச் சமாளித்தார். அவர்களும் அவரிடமே தெருவிளக்கு நம்பரைக் கொடுத்துவிட்டார்கள்.

கிளம்பும் நாளில் கலா வாசல்வரை நடந்து வந்தாள். "ஷெட்ட கேக்கப் போறியா?" என்றாள். நான் அவளிடம் விவரமாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. மழை பார்த்து நின்றபோது நான் சொன்னதை சுப்ரா அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "கேளு. உனக்கென்ன, புள்ளையா குட்டியா, பதவிய வச்சு யாருக்குச் சேக்கப் போற" என்றாள். அவளுக்கே உரிய வாழ்த்து.

மாமன்றத்தில் என் முறை வந்ததும் எழுந்தேன். கால்வாயை அகலப்படுத்த வேண்டும் என்று பேசினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். கரைக் குடும்பங்களுக்கு லாரி ஷெட்டில் இடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் கை வைக்க வேண்டும் என்று சொன்னதும் தட்டல் நின்றது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து என்னை ஆதரித்தார். அது எனக்கு இன்னும் கெடுதல் ஆயிற்று. ஆனாலும் பேச்சு நடந்தது, குழு வந்து இடத்தைப் பார்த்தது, ஷெட் கிடைத்தது. பாதிக் குடும்பங்களுக்குத்தான். மீன், பூ, காய் என்று பக்கத்துச் சந்தையை நம்பிப் பிழைப்பவர்களுக்கு முதலில் ஷெட்டிலேயே தகர வீடு, பிறகு கட்டடம். மீதிப் பேர் ஊருக்கு வெளியே போனார்கள். அவர்களில் சிலர் இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கட்சி ஆபீஸில் எனக்கு இப்போது நாற்காலி போடுவதில்லை.

கரை வீடுகள் காலியாகி, கால்வாய் வேலை பாதியில் இருக்கும்போதே மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு காலையில் முட்டளவு தண்ணீரில் ஜமாலின் தெருவுக்குள் போனேன். அவன் வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கம் குரல் கொடுத்தேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண், "மீன்காரம்மா ஆளுங்கள இட்டாந்து கட்டிலோட தூக்கினு போயிட்டாங்கக்கா" என்று கத்தினாள்.

லாரி ஷெட்டுக்கு ஓடினேன். அது மேடு, தண்ணீர் வராது. பூங்காவனத்தின் தகர வீட்டில் பாதி இடத்தை ஒரு கட்டில் அடைத்திருந்தது. ஜமாலின் அத்தா போர்வைக்குள் படுத்திருந்தார். ஜமாலின் அம்மா அவருக்கு டீ ஊட்டிக்கொண்டிருந்தார், தங்கை ஈரத் துணிகளைக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். பூங்காவனம் வாசலில் குந்தி மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே நின்றேன்.

"எம் பையன் ராத்திரியெல்லாம் போன் மேல போன் போட்டான். போம்மா, போம்மான்னு. நான் இன்னா பண்றது" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். பிறகு கத்தியைத் தெருப்பக்கம் நீட்டினாள்.

"இங்க நான் பாத்துக்கறேன். நீ இன்னாத்துக்கு நின்னுனு கீற? போய் அந்தத் தெருவுக்குத் தண்ணி எறைக்கிற மோட்டார் வந்துச்சான்னு பாரு."

போனேன்.